கோட்டு ஜன்னல் மியூரியல்

அல்பியன் என்கிற பழைய அரங்கைச் சுற்றிப் பார்க்க வருகிற கூட்டத்துக்கு மியூரியல் ஹெஸ்கெத் தலை, நான் வால். அவள் முன்னால் பேசிக்கொண்டே போவாள். கடைசி ஆள் கதவைத் தாண்டியதும் நான் விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி, பால்கனிப் படியில் உட்கார்ந்து போட்டோ எடுக்கிறவர்களைக் கிளப்பிக்கொண்டு வருவேன். வால் வேலைக்குப் பேச்சு தேவையில்லை. அதனால்தான் அதை எனக்குக் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் ஒருநாள் என்னையும் பேசவிட்டுப் பார்த்தார்கள். சுவரில் இருக்கிற சுண்ணாம்புத் தேவதை ஒன்றின் மூக்கைத் தடவிப் பார்த்த ஒரு பெரிய மனிதரிடம், உங்கள் வீட்டுக்கு வந்து உங்கள் மனைவி மூக்கை நான் இப்படித் தடவினால் சும்மா இருப்பீர்களா என்று கேட்டுவிட்டேன். அதோடு என் பேச்சு முடிந்தது.

அல்பியன் ஹார்ல்சி கடற்கரையில் கடலைப் பார்த்து நிற்கிறது. ஒரே கூரைக்குக் கீழே பாதி நாடக அரங்கு, பாதி ஜோடி ஜோடியாக நடனம் ஆடுகிற ஆட்டக் கூடம். நடுவில் ஒரு சுவர்தான். நாடகத்தில் யாராவது சாகிற கட்டத்தில் அந்தப் பக்கம் ஊதுகுழல்கள் உற்சாகமாக ஊதும். நான் பதினைந்து வயதில் அங்கே போய்ச் சேர்ந்தேன். ஃபோகஸ் விளக்கு என் வேலை. மேலே ஒரு பெட்டி மாதிரி அறை, அதில் ஒரு சின்ன ஜன்னல், ஒரு சூடான விளக்கு, நான். மேடையில் பாடுகிறவர்கள் மேலேயும், ஆட்டக் கூடத்தில் பரிசு வாங்குகிற ஜோடிகள் மேலேயும் ஒளியைப் போட்டு, அவர்கள் போகிற இடமெல்லாம் கூடவே கொண்டுபோக வேண்டும். வெயில் காலத்தில் உள்ளே வேர்த்து ஊற்றும். அப்படியும் எனக்கு அதைவிட நல்ல வேலை இந்த உலகத்தில் இருப்பதாகத் தோன்றியதில்லை.

மியூரியல் கூட்டத்தை முதலில் அரங்குக்குள் கூட்டிப் போவாள். சிவப்பு நாற்காலிகள், மேடைக்கு அடியில் ஆட்களைத் தூக்கிவிடுகிற மரப் பலகை, நடிகர்கள் உடை மாற்றுகிற ஈர வாடை அடிக்கிற அறைகள். கடைசியில்தான் ஆட்டக் கூடம். அந்தக் கதவை அவள் இரண்டு கையாலும் தள்ளித் திறப்பாள். உள்ளே போகிறவர்கள் எல்லோரும் கொஞ்ச நேரம் வாயை மூடிவிடுவார்கள். தங்கப் பூச்சு உரிந்துபோன பால்கனி, கண்ணாடிக் கூரை, அதன் மேல் நடக்கிற கடல் பறவைகளின் காலடி. தரையில் மட்டும் இது பிங்கோ என்கிற எண் சூதாட்டம் நடக்கிற இடமாக இருந்த காலத்துக் கம்பளம், சாப்பாட்டுக் கறையும் சிகரெட் சுட்ட ஓட்டையுமாகக் கிடக்கும். ஒரு மூலையில் அதைக் கிழித்து, அடியில் இருக்கிற மேப்பிள் மரத்தைக் காட்டுவோம். அந்த மரத்துக்கு அடியில் ஸ்பிரிங் வைத்திருக்கிறது. வருகிறவர்கள் ஏறி நின்றாலே காலைத் தூக்கிவிடும்; மியூரியல் மட்டும் ஓரத்திலேயே நின்றுகொள்வாள்.

அங்கேதான் ஆரம்பித்தது. டூர் தொடங்கின முதல் வருஷம், போல்டனிலிருந்து வந்த ஒரு அம்மாள் அந்த மூலையில் நின்று, இங்கே எத்தனை ஆட்டம் ஆடியிருப்பீர்கள் என்று மியூரியலைப் பார்த்துக் கேட்டாள். மியூரியல் வாயைத் திறந்தாள். அதற்குள் அந்த அம்மாள் கையைக் கோத்துக்கொண்டு, கண்ணை மூடி, பெருமூச்சு விட்டுவிட்டாள். மியூரியல் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எங்கள் ஊரில் சிரித்தால் ஆமாம் என்று அர்த்தம்.

இதைப் பொய் என்று சொல்கிறவர்களுக்கு எங்கள் ஊர்க்காரர்களைத் தெரியாது. சந்தோஷமாக இருக்கிற ஒருவரை நடுவில் நிறுத்தி, நீங்கள் நினைப்பது தப்பு என்று சொல்வது எங்களுக்கு அவர் டீயில் துப்புகிற மாதிரி. எனக்கு முடி வெட்டுகிறவன் பல வருஷமாக என்னைக் கென் என்று கூப்பிடுகிறான். என் பெயர் லெஸ். முதல் நாளே திருத்தியிருக்க வேண்டும். இரண்டாவது தடவைகூடத் திருத்தியிருக்கலாம். இப்போது போய்ச் சொன்னால் அவன் மனசு என்ன பாடுபடும்? போன கிறிஸ்துமஸுக்குக் கென்னுக்கு என்று எழுதி ஒரு வாழ்த்து அட்டை கொடுத்தான். வாங்கி அலமாரி மேல் வைத்திருக்கிறேன். கென்னாகவே சாகப்போகிறேன் போலிருக்கிறது.

மியூரியலுக்கும் அதே கதிதான். அடுத்த வாரம் இன்னொருவர், யாருடன் ஆடினீர்கள் என்று கேட்டார். மியூரியல், கை சில்லென்று இருக்கிற ஒரு விமானப்படைப் பையனைப் பற்றிச் சொன்னாள். அவன் தன் கையை முதலில் கோட்டுப் பைக்குள் விட்டுச் சூடாக்கிக்கொண்டுதான் அவள் முதுகில் வைப்பானாம். கூட்டம் சொக்கிப்போனது. அப்புறம் ஒன்று, இரண்டு, மூன்று என்று உரக்க எண்ணிக்கொண்டே ஆடின வங்கிக் குமாஸ்தா வந்தான். நீல உடையில் சிகரெட் நெருப்பு பட்டு, அந்த ஓட்டையைக் கையால் மூடிக்கொண்டே ஆட்டம் முழுக்க ஆடின கதை வந்தது. எல்லாம் நடந்த கதைதான். அவளுக்கு நடந்தது இல்லை, அவ்வளவுதான்.

மியூரியல் அல்பியனில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. அவள் கோட்டு ஜன்னலில் இருந்தாள்.

அவள் பிறந்தது உள்நாட்டில் ஒரு மில் ஊரில். வருஷத்துக்கு ஒரு வாரம் அந்த ஊர் மில்களை எல்லாம் ஒன்றாக மூடிவிடுவார்கள். ஊரே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஹார்ல்சிக்கு வந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர்கள் இங்கேயும் பக்கத்து அறையில்தான் தங்குவார்கள். வருஷம் முழுக்க முறைத்துக்கொண்டவர்கள் இங்கேயும் மணலில் அடுத்தடுத்து நாற்காலி போட்டு உட்கார்ந்து முறைத்துக்கொள்வார்கள். அப்படி ஒரு வாரத்துக்கு வந்தபோது மியூரியலின் அம்மா, தங்கியிருந்த விடுதியில் சமையல்காரி நின்றுவிட்டதைப் பார்த்து, அடுப்படிக்குள் நுழைந்தவள்தான். புருஷன் செத்துப்போனவள், ஊருக்குத் திரும்பி என்ன செய்யப்போகிறாள். மகளும் கூடவே இங்கேயே தங்கிவிட்டாள். பதினாறு வயதில் மகளுக்கு அல்பியனில் வேலை கிடைத்தது.

ஆட்டக் கூடத்தின் வாசலுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு ஜன்னல். வருகிறவர்கள் கோட்டையும் தொப்பியையும் அதில் நீட்டிவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போவார்கள். ஜன்னலுக்குப் பின்னால் வரிசை வரிசையாகக் கம்பிகள். மழைக் காலத்தில் நூற்றுக்கணக்கான ஈரக் கோட்டுகளின் வாடை, நனைந்த நாய்களை அடைத்து வைத்த மாதிரி இருக்கும். மியூரியல் அதற்கு நடுவில் நின்றாள். கூடத்தில் பாட்டு கேட்கும், ஆனால் அங்கேயிருந்து ஆட்டம் தெரியாது. வெள்ளைச் சுவர் ஒன்றுதான் தெரியும். ராத்திரியின் கடைசி ஆட்டமான வால்ட்ஸ் தொடங்கும்போதே வண்டியைப் பிடிக்க ஓடுகிறவர்கள் ஜன்னலில் மொய்த்துவிடுவார்கள். வீடு வரைக்கும் கொண்டுவந்து விடட்டுமா என்று பையன்கள் பெண்களைக் கேட்கிற அந்தக் கடைசி ஆட்டத்தில் மியூரியல் கோட்டு தேடிக்கொண்டிருப்பாள்.

வேலைக்காரர்கள் ஆடுகிற தளத்தில் கால் வைக்கக் கூடாது என்பது அப்போதைய மேனேஜரின் சட்டம். ஓரமாகப் போட்டிருக்கிற கம்பளத்தில்தான் நடக்க வேண்டும். டீ விற்கிற பெண் ஒருத்தி ஒரு மாலுமி கூப்பிட்டான் என்று ஒரே ஒரு சுற்று ஆடினாள், அந்த வாரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சரி, லீவு நாளில் காசு கொடுத்து வந்து ஆடலாமே என்றால், மியூரியலுக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கர்த்தருடையது என்று நகரசபை முடிவு செய்திருந்தது. ஆக, ஊரே ஆடின ஊரில் ஆட்டக் கூடத்துக்குள்ளேயே இருந்துகொண்டு அவள் ஆடவில்லை. எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் நகரசபை மேல் கோபம் வரும்.

மியூரியலுக்குப் பிடித்துப்போன வில்ஃப் டிராம் கண்டக்டர். நல்ல மனிதன். வேலை முடிந்ததும் வினிகர் மணக்கிற மீன் பொட்டலத்தோடு பின்வாசலில் வந்து நிற்பான். ஆட்டத்துக்கு மட்டும் அவன் லாயக்கில்லை. நாள் பூராவும் ஆடுகிற வண்டியில் நின்றுகொண்டுதானே இருக்கிறேன், அதற்கு மேல் ஒரு ஆட்டமா என்பான். இருவருக்கும் கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் இல்லை. அப்புறம் ஜனங்கள் விடுமுறைக்கு விமானம் ஏறி ஸ்பெயினுக்குப் போக ஆரம்பித்தார்கள். ஆட்டக் கூடம் பிங்கோ கூடமாயிற்று. கோட்டு ஜன்னலைப் பலகை அடித்து மூடினார்கள். மியூரியல் பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போனாள், வில்ஃப் போய்ச் சேர்ந்தான், கடைசியில் பிங்கோவும் போய்ச் சேர்ந்தது. அல்பியனைக் காப்பாற்றச் சம்பளமில்லாமல் வேலை செய்ய யார் வருகிறீர்கள் என்று ஊரில் கேட்டபோது வரிசையில் முதலில் நின்றவள் அவள்தான். வாரத்துக்கு மூன்று டூர். அதற்குப் போட்டுக்கொள்ளத் தனியாக ஒரு பச்சை ஸ்வெட்டரும் ஒரு ஜோடி காதணியும் வைத்திருந்தாள். டூர் இல்லாத நாட்களில் அவளைத் தெருவில் பார்த்தால் வேறு யாரோ மாதிரி இருப்பாள்.

அங்கே வேலை பார்த்தவர்களில் மிச்சம் நான் ஒருவன்தான். மற்றவர்கள் கல்லறையில் இருந்தார்கள், இல்லாவிட்டால் ஸ்பெயினில். அதனால் அவள் ஆடாதது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். நானும் திருத்தவில்லை. ஒரே ஒரு நாள், டூர் முடிந்து டீ குடிக்கும்போது, கோட்டு ஜன்னலில் இருந்ததையே சொன்னால் என்ன என்று கேட்டேன். அவள் டீயைக் கீழே வைத்தாள்.

“கோட்டு வாங்கற கையை யாரு லெஸ் பாக்கறாங்க? நீட்டுவாங்க, டோக்கனை எடுப்பாங்க, பக்கத்துல நிக்கற ஆளோட பேசிக்கிட்டே போவாங்க. அத்தன வருஷத்துல என் மூஞ்சியை ஒருத்தர் நிமிந்து பாத்திருக்க மாட்டாங்க. நான் ஒரு ஆணி. ஆணியைப் பத்திக் கேக்கறதுக்கா காசு குடுத்து வர்றாங்க?”

அவள் அதை அழுகையாகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

பிறகு ஹேரியட் வந்தாள். லண்டன் பக்கத்திலிருந்து வந்த புது மேனேஜர், முப்பது வயது இருக்கும். எதைச் சொன்னாலும் பிரமாதம் என்பாள். கூரை ஒழுகுகிறது என்றாலும் ஒரு தடவை பிரமாதம் என்றாள், அப்புறம்தான் காதில் வாங்கினாள். ஆனால் காரியக்காரி. எங்கெங்கோ போய் யார் யாரையோ பிடித்து, அந்தக் கம்பளத்தைத் தூக்கி வெளியே எறிந்தாள். தளத்தை இழைத்து, அழுகின பலகைகளை மாற்றி, மெழுகு போட்டு, கூடம் பழையபடி தேன் நிறத்துக்கு வந்துவிட்டது. முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் மூக்கைச் சிந்த வெளியே போக வேண்டியிருந்தது.

வசந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் திறப்பு விழா. வாத்தியக் குழு, டீ, பன், ஊர் முழுக்க அழைப்பு. எங்களை எல்லாம் உட்காரவைத்து ஹேரியட் அதைச் சொன்னாள். கடைசியில், மேயரோடு முதல் வால்ட்ஸ் ஆடித் தளத்தைத் திறந்து வைக்கப்போவது மியூரியல் என்றாள். அச்சடித்த தாளையும் காட்டினாள். இங்கே ஆடியே வளர்ந்த மியூரியல் என்று அதில் போட்டிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். மியூரியல், ரொம்ப சந்தோஷம் என்றாள். எங்கள் ஊரில் காலை வெட்டி எடுக்கப்போகிறோம் என்று டாக்டர் சொன்னாலும் அதைத்தான் சொல்வார்கள்.

பஸ் நிறுத்தத்தில் அவளைப் பிடித்துக்கொண்டேன். போய்ச் சொல்லிவிடு என்றேன். தாள் அடித்துவிட்டார்கள், அந்தப் பெண் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள் பார்த்தாயா என்றாள். முட்டி வலி என்று சொல் என்றேன்.

“முட்டி வலின்னா அப்புறம் டூருக்கு எப்படிப் படி ஏறுவேன்? வேற ஆளைப் போட்டுருவாங்க.”

“போடட்டுமே.”

“போட்டா எனக்கு என்ன இருக்கு, லெஸ்? நீயே சொல்லு.”

அவளுக்கு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரு அறை வீடு, வில்ஃபின் தொப்பி, டெலிவிஷன். ஊர் முன்னால் அவள் தளத்தில் இறங்கி, இரண்டு அடி வைத்ததும் தெரிந்துவிடும். அப்புறம் அந்தப் பச்சை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அவள் யார் முன்னாலும் வந்து நிற்க மாட்டாள். அதுதான் பயம். எனக்கும் அதுதான் பயம். அவள் பேசாவிட்டால் நான் யாருக்குப் பின்னால் விளக்கை அணைத்துக்கொண்டு போவேன்?

கற்றுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். நானும் என் விளக்கு அறை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி, காலால் ஆடியதில்லை. ஆனாலும் பார்த்ததுக்குக் குறைவில்லையே என்ற தைரியம். அரங்குக்குப் பின்னால் காட்சித் திரைகளுக்கு வண்ணம் அடிக்கிற பழைய கொட்டகையில், மத்தியானங்களில், யாருக்கும் தெரியாமல் பழகினோம். நான் எண்ண, அவள் எண்ண, இருவரும் வேறு வேறாக எண்ணினோம். என் ஷூவின் மேல் அவள் நின்ற நேரம்தான் அதிகம். ஒருநாள் நடுவிலேயே நிறுத்திவிட்டாள்.

“நீ ஆடற மாதிரி இல்ல லெஸ். அலமாரிய நகத்தற மாதிரி இருக்கு.”

“அலமாரி கொஞ்சம் ஒத்துழைச்சா நகரும்.”

இருவரும் வண்ண டப்பாக்கள் மேல் உட்கார்ந்து சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு பழகப் போகவில்லை.

அந்தச் சனிக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. கீழே மேஜை போட்டு, பால்கனியிலும் நாற்காலி போட்டு, அப்படியும் ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். பெரும்பாலும் எங்கள் வயதுக்காரர்கள். கைத்தடியும் வாக்கருமாக வந்து, தளத்தைப் பார்த்ததும் ஷூவைத் துடைத்துக்கொண்டார்கள். என்னைப் பழையபடி மேலே பெட்டி அறையில் ஏற்றிவிட்டிருந்தார்கள். விளக்கு புதிது, சூடே இல்லை. ஆனால் ஜன்னல் அதேதான். கீழே பார்த்தபோது வயதெல்லாம் எங்கோ போய்விட்டது. அடுத்து ஊதுகுழல்காரர்கள் எழுந்து நிற்பார்கள், நான் விளக்கைத் திருப்ப வேண்டும் என்று கை தானாகத் தயாரானது. எனக்கு அந்த நிமிஷத்தில் இருபது வயதுக்கு மேல் ஒரு நாள்கூட ஆகவில்லை.

ஹேரியட் மைக்கில் பேசினாள். பிரமாதம் என்று பல தடவை சொன்னாள். மேயர் கழுத்துச் சங்கிலியைச் சரிசெய்துகொண்டு தளத்தின் நடுவில் போய் நின்றார். மியூரியலைக் கூப்பிட்டார்கள். சாம்பல் நிறத்தில் ஒரு பட்டு உடை, முடியைக் காலையில்தான் சுருட்டிவிட்டிருக்க வேண்டும். தளத்தின் ஓரம் வரைக்கும் வந்தாள். நான் விளக்கை அவள் மேல் போட்டேன். ஒரு வார்த்தை பேசுங்கள் என்று ஹேரியட் மைக்கை அவள் கையில் கொடுத்தாள். மேயர் கையை நீட்டினார்.

மியூரியல் இறங்கவில்லை. ஓரத்திலேயே நின்றாள். மைக்கில் அவள் மூச்சு கேட்டது.

“மேயர் ஐயா, மன்னிச்சுக்குங்க. நீங்க அங்க நிக்கறீங்க, நான் சொல்லாம விடறது தப்பு. நான் இங்க ஆடினதே இல்ல. ஒரு தடவைகூட இல்ல. நான் கோட்டு ஜன்னல்ல இருந்தேன். டூர்ல நான் சொன்னதெல்லாம் மத்தவங்க கதை. கோட்டு திருப்பி வாங்கும்போது அவங்க பேசிக்கிட்டது. நான் எடுத்துக்கிட்டேன்.”

கூடத்தில் ஒரு கரண்டிகூட அசையவில்லை. ஹேரியட் கையில் தாளை வைத்துக்கொண்டு வாய் திறந்தபடி நின்றாள். கண்ணாடிக் கூரையில் பறவைகள் நடந்தன. மேலே நான் விளக்கின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அணைத்துவிட்டால் அவள் இருட்டில் வெளியே போய்விடலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. அணைக்கவில்லை.

முன்மேஜையிலிருந்து ஆலிவ் டக்வர்த் எழுந்தாள். மீன்கடைக்காரர் டக்வர்த்தின் மனைவியாக இருந்தவள், அவர் போய் நாளாகிறது. எங்கள் டூருக்கு வருஷம் தவறாமல் டிக்கெட் வாங்கி வருவாள். ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்கிற மாதிரி முன்னால் நின்று கேட்பாள். எழுந்து நிற்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

“தெரியும் கண்ணு,” என்றாள்.

மியூரியல் அவளைப் பார்த்தாள்.

“எங்களுக்கு எல்லாம் தெரியும். எங்க கோட்டை யாரு வாங்கினது? நீதானே வாங்கினே. மழையில நனைஞ்சு வந்தா கையுறையை வெந்நீர்க் குழாய் மேல போட்டு வெச்சிருப்பே. வீட்டுக்குப் போற வரைக்கும் கை சூடா இருக்கும். மறந்துடுவோமா?”

எனக்கும் செய்தாள் என்று பால்கனியிலிருந்து ஒரு கிழவர் சொன்னார். என் கோட்டு உள்துணி கிழிந்து தொங்கியது, ஆட்டம் முடிந்து வந்தபோது தைத்து வைத்திருந்தாள், யார் தைத்தது என்று சொல்லவேயில்லை என்று இன்னொருத்தி சொன்னாள். அங்கங்கே தலைகள் ஆடின. அவர்கள் யாரும் கத்தவில்லை. நன்றி சொல்ல விட்டுப்போனதை இப்போது சொல்கிற கூச்சம்தான் குரலில் இருந்தது.

“தெரிஞ்சும் ஏன் ஒருத்தரும் சொல்லல?” என்று மியூரியல் கேட்டாள். மைக் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

“அவ்வளவு அழகாச் சொல்லிக்கிட்டிருக்கே. நடுவுல புகுந்து, அதில்லம்மான்னு சொல்றது மரியாதையா?” ஆலிவ் கொஞ்சம் நிறுத்தினாள். “கை சில்லுன்னு இருக்கும்னு ஒரு பையனைச் சொல்லுவியே, அது எங்க வீட்டுக்காரரு, அப்ப விமானப்படையில இருந்தாரு. அன்னிக்கு ராத்திரி கோட்டை வாங்கும்போது நான்தான் உன்கிட்ட சொன்னேன். சொன்னதையே மறந்துட்டேன். அவரு போனப்புறம் எனக்கு அவரு இருமினதும் ஆஸ்பத்திரியும்தான் ஞாபகம் இருந்துச்சு. நீ சொல்லித்தான் அந்தக் கை திரும்பி வந்துச்சு. அதைக் கேக்கத்தான் வருஷா வருஷம் வந்தேன். நீ சொல்லாம இருந்திருந்தா எனக்கு அது போயே போயிருக்கும்.”

மியூரியல் மைக்கை ஹேரியட்டிடம் நீட்டினாள். ஹேரியட் அழுதுகொண்டிருந்தாள், வாங்கத் தெரியாமல் தாளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை அவள் பிரமாதம் என்று சொல்லவில்லை.

“போ கண்ணு, அந்த மனுஷன் எவ்வளவு நேரம் கையை நீட்டிக்கிட்டே நிப்பாரு?” என்றாள் ஆலிவ்.

“எனக்கு ஆடத் தெரியாது, ஆலிவ்.”

“அவருக்கு மட்டும் தெரியுமா? போ.”

வாத்தியக் குழு வாசிக்க ஆரம்பித்தது. மியூரியல் ஓரத்தில் புதிதாகப் போட்டிருந்த கம்பளத்தைவிட்டு மரத்தில் கால் வைத்தாள். ஸ்பிரிங் அவளைக் கொஞ்சம் தூக்கியது. திடுக்கிட்டுக் கீழே பார்த்தாள், அப்புறம் சிரித்தாள். மேயரும் அவளும் அலமாரி நகர்த்துகிற மாதிரிதான் ஆடினார்கள். மேயர் அவள் காலை மிதித்தார், அவள் மேயர் காலை மிதித்தாள், இருவரும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சுற்றினார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஊரே எழுந்து நின்றது.

நான் ஃபோகஸ் விளக்குக்காரன். குடித்துவிட்டு ஆடினவர்களையும், மேடையைவிட்டுத் தவறி விழுந்தவர்களையும்கூட என் ஒளி விட்டு விலகியதில்லை. அன்றைக்கு விலகியது. கண்ணில் ஒன்றுமே தெரியவில்லை, கையால் துடைத்தால் மறுபடியும் நிறைந்தது. ஒளி வழுக்கி, ஆடுகிறவர்களை விட்டுவிட்டு, ஓரத்தில் யாரோ ஒருவருடைய டீ மேஜையில் போய் நின்றது. எனக்கு அது தெரியக்கூட இல்லை.

கீழேயிருந்து மியூரியலின் குரல் வந்தது. மைக் இல்லாமலே கூடம் முழுக்கக் கேட்டது.

“லெஸ், நான் இங்க இருக்கேன்.”

நான் ஒளியைத் திருப்பினேன்.